இங்க் மாற்றிய பிறகு ஆக்சிடைசரில் புளிப்பு நெடி: கேட்டலிஸ்ட் செத்துவிட்டதா?

எட்டுக்கலர் | திங்கள், இரவு 9:40

வணக்கம். தின்பண்டப் பாக்கெட்டுகளுக்கு ஃபிலிம் அச்சடிக்கும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன், ஓசூர் பக்கம். எட்டுக் கலர் கிராவூர் மெஷின் (குழி செதுக்கிய உருளையால் அச்சடிப்பது) ஒன்று இருக்கிறது. அதன் டிரையரில் இருந்து மணிக்கு 12,000 கன மீட்டர் காற்று வருகிறது. ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் 3 கிராம் சால்வென்ட் ஆவி. அதைக் கேட்டலிடிக் ஆக்சிடைசர் (கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி, உதவியால் குறைந்த சூட்டிலேயே ஆவியை எரிக்கும் மெஷின்) வழியாக அனுப்பி எரித்துவிட்டுத்தான் புகைபோக்கிக்கு விடுகிறோம்.

அமைப்பு வழக்கமானதுதான். முதலில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (வெளியே போகும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுப்பது), அப்புறம் பர்னர், அப்புறம் தேன்கூடு மாதிரித் துளைபோட்ட பீங்கான் கட்டிகள் மூன்று அடுக்கு. கட்டிகளின் மேல் பிளாட்டினம் பூச்சு, அதுதான் கேட்டலிஸ்ட். இந்த மூன்று அடுக்கையும் சேர்த்துப் பெட் என்போம். ஆறு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை.

முன்பு இங்க்கில் சால்வென்ட்டாக டொலுவீனும் எத்தில் அசிடேட்டும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சில மாதங்களுக்கு முன் முழுக்க டொலுவீன் இல்லாத இங்க்குக்கு மாறினோம். அதிலிருந்து மூன்று விஷயம் நடக்கிறது. பெட்டுக்குள் நுழையும் காற்றை எப்போதும் போல 260 டிகிரியில்தான் வைத்திருக்கிறோம். முன்பு பெட்டைத் தாண்டியதும் 75 டிகிரி ஏறும், இப்போது 30தான் ஏறுகிறது. பர்னருக்குப் போகும் கேஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லாவற்றையும் விட, புகைபோக்கிப் பக்கம் புளித்த மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறுகிறது, கண் கரிக்கிறது.

கேட்டலிஸ்ட் விற்றவர்கள் முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். நிர்வாகம், ‘கேஸ் செலவு ஏறியதால் டெம்பரேச்சரை இன்னும் குறை’ என்கிறது. இரண்டில் எது சரி? நெடியோடு ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போகவே மனசு கஷ்டமாக இருக்கிறது. பின்னால் குடியிருப்பு இருக்கிறது.

தேன்கூடு | திங்கள், இரவு 11:05

தம்பி, கேள்வியை எண்களோடு கேட்டிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது. முப்பது வருஷம் இந்தக் கட்டிகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. டெம்பரேச்சரைக் குறைக்கவே குறைக்காதீர்கள். நாளைக்கே குறைக்கச் சொன்னாலும் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

இப்போது கணக்கு. சால்வென்ட் எரிந்தால் சூடு வரும், அந்தச் சூடுதான் பெட்டுக்கு முன்னும் பின்னும் நீங்கள் பார்க்கும் வித்தியாசம். ஒரு கன மீட்டர் காற்றில் 1 கிராம் டொலுவீன் முழுதாக எரிந்தால் காற்று சுமார் 30 டிகிரி ஏறும். அதே 1 கிராம் எத்தில் அசிடேட் என்றால் சுமார் 18 டிகிரிதான். அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது, பாதி எரிந்த விறகு மாதிரி, அதனால் தரும் சூடும் குறைவு.

முன்பு ஒன்றரை கிராம் டொலுவீன், ஒன்றரை கிராம் அசிடேட். 45ம் 27ம் சேர்த்தால் 72. நீங்கள் பார்த்த 75 சரியாகவே இருந்தது, அதாவது அன்றைக்கு ஏறக்குறைய எல்லாமே எரிந்தது. இப்போது மூன்று கிராமும் அசிடேட் என்று வைத்தால் 54 அல்லது 55 ஏற வேண்டும். உங்களுக்கு வருவது 30. ஆகவே வர வேண்டிய சூட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது. மீதி எரியாமலோ அரைகுறையாக எரிந்தோ மேலே போகிறது.

75 என்பது 30 ஆனதற்குக் காரணம் ஒன்றல்ல, இரண்டு. 20 டிகிரி குறைந்தது இங்க் மாறியதால், அதைக் கேட்டலிஸ்ட் தலையில் போட முடியாது. மீதி 25 டிகிரிதான் நாம் தேட வேண்டியது.

260 என்ற எண் எங்கிருந்து வந்தது? மெஷின் வந்தபோதே இப்படித்தானா?

எட்டுக்கலர் | செவ்வாய், காலை 7:20

இல்லை ஐயா. பழைய லாக் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கமிஷனிங் அன்று 320. மூன்றாவது வருஷம் யாரோ கேஸ் மிச்சம் பிடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி 260க்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்போது அவுட்லெட் அளவு நன்றாகவே இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

வகுப்பறை | செவ்வாய், காலை 10:15

அப்போது நன்றாக இருந்ததற்குக் காரணம் டொலுவீன்தான். கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் சிறிய குழாயில் இதே சோதனையைச் செய்வோம். நல்ல நிலையில் இருக்கும் பிளாட்டினத்தின் மேல் டொலுவீன் 200 டிகிரியைச் சுற்றியே பற்றிக்கொள்ளும். எத்தில் அசிடேட் அப்படியில்லை, இன்னும் 50, 100 டிகிரி அதிகம் கேட்கும். மூலக்கூறு சின்னதாக, எளிமையாக இருந்தால் சீக்கிரம் எரியும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். பிளாட்டினம் அந்த வரிசையில் யோசிப்பதில்லை. எந்த மூலக்கூறு அதன் பரப்பில் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. மாங்கனீசு ஆக்சைடு மாதிரி மலிவான ஆக்சைடுகள் சில சமயம் அசிடேட்டில் பிளாட்டினத்தையே முந்திவிடும்.

முன்பு டொலுவீன் எரிந்த சூடு பெட்டின் உள்பகுதியை 300க்கு மேல் கொண்டுபோயிருக்கும். அந்தச் சூட்டில் அசிடேட்டும் சேர்ந்து எரிந்திருக்கும். டொலுவீன் போனதும் அந்த உதவியும் போய்விட்டது.

அடுத்து அந்த நெடி. நேரடி எத்தில் அசிடேட் நெடி நெயில் பாலிஷ் மாதிரி, கொஞ்சம் பழ வாசனையாக இருக்கும். நீங்கள் சொல்வது புளித்து மூக்கில் ஏறும் நெடி. அது அசிடால்டிஹைடும் அசிட்டிக் அமிலமும், அதாவது அரைகுறை ஆக்சிஜனேற்றத்தின் சரக்கு. கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆகும் வரை போகாமல் வழியிலேயே நின்றுவிட்ட மூலக்கூறுகள்.

இது புதிய விஷயம் இல்லை. 1817ல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, சூடாக்கிய பிளாட்டினக் கம்பியை எரிவாயுவும் காற்றும் கலந்த இடத்தில் நீட்டினார். தீ இல்லாமலேயே கம்பி செக்கச் செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. ஈதர் ஆவியிலும் அதே மாதிரி. ஆனால் ஈதரில் செய்தபோது மூக்கைத் துளைக்கும் ஓர் அமிலப் பொருள் உருவாவதையும் அவர் கவனித்து எழுதினார். டேனியல் என்ற இன்னொரு வேதியியலாளர் அதற்கு விளக்கு அமிலம் என்று தனிப் பெயரே வைத்தார். பிறகு பார்த்தால் அது அசிட்டிக் அமிலமும் ஆல்டிஹைடும் கலந்தது. உங்கள் புகைபோக்கியில் வருவதும் அதே குடும்பம்தான். கேட்டலிசிஸ் என்ற சொல்லையே ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் 1835ல்தான் உருவாக்கினார். சொல் பிறப்பதற்கு முன்பே இந்தப் பிரச்சினை இருந்திருக்கிறது.

மணலிக்காற்று | செவ்வாய், பிற்பகல் 1:30

வேறு கோணத்தில் ஒரு கேள்வி. இவ்வளவு பாடுபட்டு கேட்டலிஸ்டைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? ஆர்.டி.ஓ. (ரீஜெனரேடிவ் தெர்மல் ஆக்சிடைசர், கேட்டலிஸ்ட் இல்லாமல் சூட்டாலேயே எரிக்கும் மெஷின்) போட்டுவிட்டால் முடிந்தது. பீங்கான் படுக்கை மாற்றி மாற்றிச் சூட்டைப் பிடித்து வைக்கும், 95 சதவீதம் சூடு திரும்பக் கிடைக்கும். 800 டிகிரிக்கு மேல் ஒரு வினாடிக்குள் எதுவானாலும் எரிந்துபோகும். டொலுவீனா அசிடேட்டா என்ற கேள்வியே வராது. விஷம் ஏறிச் சாகும் பூச்சும் இல்லை. எங்கள் பக்கம் எல்லாரும் அதற்குத்தான் போகிறார்கள்.

தேன்கூடு | செவ்வாய், மாலை 6:50

மணலி நண்பருக்கு: நீங்கள் சொல்வதில் தவறே இல்லை. புதிதாக வாங்குபவர் என்றால், அதுவும் காற்று மணிக்கு 30,000, 40,000 என்று போனால், நானே ஆர்.டி.ஓ. பாருங்கள் என்பேன். சால்வென்ட் அடிக்கடி மாறும் இடத்துக்கு அது நிம்மதி. ஆனால் எடை, இடம், விலை மூன்றும் கூடுதல். குளிர்ந்த நிலையில் இருந்து சூடாக வெகுநேரம் ஆகும். ஒரே ஷிஃப்ட் ஓடும் அச்சுக்கூடத்தில் தினமும் அதைச் சூடாக்குவதற்கே கேஸ் போய்விடும். கேட்டலிஸ்ட் 300, 400 டிகிரியில் வேலையை முடிப்பதால் நைட்ரஜன் ஆக்சைடும் கம்மி. 12,000 கன மீட்டருக்கு ஏற்கெனவே வைத்திருக்கும் மெஷினைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன்.

தம்பிக்கு: பெட்டைக் குறை சொல்லும் முன் இரண்டு இடத்தைச் சோதிக்க வேண்டும். பைபாஸ் டேம்பர் (பெட்டைத் தொடாமல் போகும் பக்கவழியின் மூடி) சரியாக மூடாமல் கசிந்தாலும் நெடி வரும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெல்டிங் விட்டு, அழுக்குக் காற்று சுத்தமான பக்கம் கலந்தாலும் வரும். ஆனால் அந்த இரண்டிலும் பெட்டுக்குள் போகும் காற்றின் சூடு ஏற்றம் குறையாது. பெட் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், பக்கவழியில்தான் கசியும். அந்த நெடியும் பச்சை அசிடேட் நெடியாக இருக்கும். உங்களுக்குச் சூடும் குறைந்திருக்கிறது, நெடியும் புளிக்கிறது. ஆகவே பெட்தான். இருந்தாலும் டேம்பர் சீலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வி, யோசித்துப் பதில் சொல்லுங்கள். மெஷின் ஹாலில் எங்கேயாவது சிலிக்கோன் புழங்குகிறதா?

பின்தெரு | செவ்வாய், இரவு 8:15

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பொறியாளர் இல்லை. வேறு ஊர், இதே மாதிரி ஒரு யூனிட்டுக்குப் பின்னால் வீடு. சாயங்காலமானால் நெயில் பாலிஷ் நெடி வருகிறது, சில நாள் கண் எரிச்சல். அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருக்கிறது. கேட்டால், ‘எல்லாம் மெஷினில் எரித்துவிட்டுத்தான் விடுகிறோம்’ என்கிறார்கள். இங்கே படித்தால் எரிவதிலேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று தெரிகிறது. இது உடம்புக்கு எவ்வளவு கெடுதல்?

வகுப்பறை | செவ்வாய், இரவு 10:00

மன்னிப்பு எதற்கு அக்கா, இந்த இழையில் இருக்க வேண்டியதே நீங்கள்தான்.

பயமுறுத்தாமலும் மழுப்பாமலும் சொல்கிறேன். எத்தில் அசிடேட் இந்த வரிசையில் ஓரளவு சாதுவானது. கண்ணையும் தொண்டையையும் உறுத்தும், அதிக அளவில் தலைவலி, மயக்கம். டொலுவீன் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். பென்சீன் புற்றுநோய் தரும் என்று உறுதியானது, ஐ.ஏ.ஆர்.சி. என்ற சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலில் முதல் வகுப்பு. அரைகுறையாக எரிந்து வரும் அசிடால்டிஹைடு அதே பட்டியலில் 2பி, அதாவது புற்றுநோய் தர வாய்ப்புண்டு என்ற வகுப்பு. கவனியுங்கள், சாதுவான ஒன்று உள்ளே போய் அதைவிட மோசமான ஒன்றாக வெளியே வர முடியும். அதனால்தான் அரைகுறையாக எரிப்பது எனக்குப் பிடிக்காது. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு இந்த ஆல்டிஹைடுகள் சிறிய அளவிலும் தொந்தரவு. அம்மாவை நுரையீரல் மருத்துவரிடம் காட்டும்போது இந்த நெடியைப் பற்றியும் சொல்லுங்கள்.

நெடி தெரியாத தூரத்திலும் ஒரு பாதிப்பு இருக்கிறது. இந்த ஆவிகளும் வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன் உண்டாகும். லாஸ் ஏஞ்சல்ஸில் கண்ணைக் கரித்த மூட்டத்தின் காரணத்தை 1950களின் தொடக்கத்தில் கால்டெக் பேராசிரியர் ஹாகன்ஸ்மிட் இப்படித்தான் கண்டுபிடித்துச் சொன்னார். பெட்ரோலை உடைக்கும் கேட்டலிஸ்ட்டால் பெயர் பெற்ற யூஜின் ஹூட்ரி, அந்த மூட்டத்தைப் பார்த்துத்தான் கடைசிக் காலத்தில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டுக்குத் திரும்பினார். அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். பெட்ரோலில் இருந்த ஈயம் அவருடைய கேட்டலிஸ்ட்டைக் கெடுத்துவிட்டதால் கார்களில் அது பரவ 1970கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1962ல் அவர் இறந்துவிட்டார், பார்க்கவில்லை. 1966ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டம் விதி 66 என்று கொண்டுவந்து, வெயிலில் அதிகம் வினைபுரியும் சால்வென்ட்டுகளைக் கட்டுப்படுத்தியது.

நீங்கள் ஒன்று செய்யலாம். ஒரு நோட்டில் நெடி வரும் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது, என்ன மாதிரி நெடி என்று எழுதி வையுங்கள். புகார் கொடுப்பதற்கு மட்டும் இல்லை, கோளாறைக் கண்டுபிடிப்பதற்கும் அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

எட்டுக்கலர் | புதன், காலை 6:55

சிலிக்கோன் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். ஸ்லிட்டிங் (ஃபிலிமை நீளவாக்கில் வெட்டும்) பகுதியில் கத்திக்கும் ரோலருக்கும் ஸ்ப்ரே அடிக்கிறோம், டப்பாவில் சிலிக்கோன் என்றே போட்டிருக்கிறது. அந்தப் பகுதிக் காற்றும் அதே டக்ட்டில்தான் சேருகிறது. போன வருஷம் டிரையர் கதவுகளில் கசிவு அடைக்கச் சிலிக்கோன் சீலன்ட் டியூப் டியூபாகப் போட்டோம். போட்டவனே நான்தான்.

தேன்கூடு | புதன், காலை 9:30

அதுதான். அந்த ஆவி பெட்டுக்குள் போனதும் எரியும். கார்பனும் ஹைட்ரஜனும் காற்றோடு போய்விடும். சிலிக்கான் மட்டும் சிலிக்காவாக, கண்ணாடிப் படலம் மாதிரி, கட்டியின் மேலேயே படிந்துவிடும். பிளாட்டினம் சாகவில்லை, போர்வைக்கு அடியில் இருக்கிறது. ஈயம், பாஸ்பரஸ், ஆர்சனிக், துத்தநாகம் எல்லாம் இப்படிப் பகையாளிகள்தான், ஆனால் அச்சுக்கூடத்தில் நான் பார்த்த சாவுகளில் பெரும்பாலானவை சிலிக்கோனால்தான். வேலை செய்பவர்கள் யாருக்கும் இது விஷம் என்று தோன்றாது. தம்பி, உங்களைக் குறை சொல்லவில்லை, யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. இந்தப் படிவு பெரும்பாலும் முதல் அடுக்கில்தான் சேரும். பின்னால் இருக்கும் இரண்டு அடுக்கும் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். முழுதாக மாற்றச் சொன்னவர்கள் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டா சொன்னார்கள்? ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்து லைட் ஆஃப் சோதனைக்கு அனுப்புங்கள். தெரிந்த அளவு எத்தில் அசிடேட் ஆவியை அதன் வழியாக விட்டுக்கொண்டே சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். எத்தனை டிகிரியில் பாதி எரிகிறது, எத்தனையில் 90 சதவீதம் எரிகிறது என்று வரைபடம் வரும். புதிய துண்டின் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால் எந்த அடுக்கு எவ்வளவு கெட்டது என்று தெரிந்துவிடும். உங்கள் இங்க்கின் ஆவியில்தான் சோதிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். டொலுவீனில் சோதித்தால் கெட்ட துண்டும் பாஸ் ஆகிவிடும்.

நீங்களே ஆசிடோ காரமோ வைத்துக் கழுவாதீர்கள். தூசியைக் காற்றடித்து எடுக்கலாம். சிலிக்காவைக் கரைக்கும் காரம் அதன் அடியில் இருக்கும் அலுமினாப் பூச்சையும் அரித்துவிடும்.

அதுவரை இன்லெட்டை 260இல் இருந்து 340க்கு ஏற்றலாம். ஆனால் கவனம். அரைகுறையாக எரிந்த பிசின், கரி எல்லாம் குளிர்ந்த பெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். சால்வென்ட் வரும்போதே சட்டென்று ஏற்றினால் எல்லாம் ஒரே சமயம் பற்றிக்கொள்ளும். பிரஸ்ஸை நிறுத்திவிட்டு, வெறும் காற்றில், அரை மணிக்கு 20 டிகிரி என்று ஏற்றுங்கள். அவுட்லெட் 600ஐத் தாண்டினால் தானாக பர்னர் நின்று ஃப்ரெஷ் ஏர் டேம்பர் திறக்கும் ட்ரிப் வேலை செய்கிறதா என்று முன்னாடியே பாருங்கள். 650க்கு மேல் போனால் பிளாட்டினத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும், அந்தச் சேதத்தைச் சரிசெய்ய முடியாது.

ஸ்டாக்மேல் | புதன், இரவு 9:20

புகைபோக்கி அளவெடுக்கும் வேலை எனக்கு. ஒரு எச்சரிக்கை. கையில் பிடிக்கும் பி.ஐ.டி. மீட்டரை (புற ஊதா விளக்கால் ஆவியை அளப்பது) வைத்து அவுட்லெட் பார்த்து ‘எல்லாம் சரி’ என்று எழுதுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். வழக்கமான 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கு டொலுவீனைப் பிரமாதமாகப் பார்க்கும். அசிட்டிக் அமிலத்தை மிக மங்கலாகத்தான் பார்க்கும். பழைய இங்க்குக்குப் பொருந்திய மீட்டர் புதிய இங்க்கில் அரைக்குருடு. சுடரில் எரித்து அளக்கும் எஃப்.ஐ.டி. மீட்டரும் ஆக்சிஜன் உள்ள சேர்மங்களைக் குறைத்துத்தான் காட்டும், அதற்குத் திருத்தம் போட வேண்டும். இன்லெட், அவுட்லெட் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுங்கள். ஆல்டிஹைடுக்குத் தனியாக டி.என்.பி.ஹெச். என்ற ரசாயனம் பூசிய குழாயில் சாம்பிள் பிடித்து லேப்புக்கு அனுப்புங்கள்.

முடிந்தால் பிரஸ் ஸ்டார்ட் ஆகும் முதல் அரை மணியிலும் ஒரு சாம்பிள். அளவெடுக்கும் நாளில் எல்லாரும் மெஷினைச் சூடாக்கி வைத்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

மணலிக்காற்று | வியாழன், காலை 11:00

சரி, ஆர்.டி.ஓ. பேச்சை விடுகிறேன். ஆனால் கேஸ் செலவு பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. 260ல் இரட்டிப்பாகிவிட்டது என்கிறார். 340க்கு ஏற்றச் சொல்கிறீர்கள். நிர்வாகத்திடம் போய் என்ன சொல்வார்?

தேன்கூடு | வியாழன், இரவு 8:45

நியாயமான கேள்வி. உண்மையான கணக்கைச் சொல்லிவிடுவதுதான் நல்லது.

டிரையர் காற்று 50 டிகிரி, எக்ஸ்சேஞ்சர் 65 சதவீதம் சூட்டைத் திருப்பித் தரும் என்று வைக்கிறேன். டொலுவீன் காலத்தில் பெட்டைத் தாண்டிய காற்று 335. எக்ஸ்சேஞ்சர் உள்வரும் காற்றை 235 வரை கொண்டுபோய்விடும். பர்னர் ஏற்ற வேண்டியது 25 டிகிரிதான். இப்போது பெட்டைத் தாண்டிய காற்று 290. எக்ஸ்சேஞ்சர் 206 வரைதான் தரும். பர்னர் 54 டிகிரி ஏற்றுகிறது. இரட்டிப்பு என்று நீங்கள் சொன்னது இங்கே இருக்கிறது. கேட்டலிஸ்ட் வேலை செய்யாத சூட்டைக் காசு கொடுத்து கேஸில் வாங்குகிறீர்கள்.

நல்ல கேட்டலிஸ்ட், 340 இன்லெட், 55 டிகிரி ஏற்றம் என்றால் பெட்டைத் தாண்டி 395. எக்ஸ்சேஞ்சர் 274 தரும், பர்னர் 66 டிகிரி. இன்றைக்கு ஆவதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். பழைய 25க்கு இனித் திரும்ப முடியாது, அந்த மிச்சத்தைக் கொடுத்தது டொலுவீன். இதை நிர்வாகத்திடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் குறைக்க வழி இருக்கிறது, அது பெட்டில் இல்லை, டிரையரில் இருக்கிறது. கன மீட்டருக்கு 3 கிராம் என்பது ரொம்ப நீர்த்த காற்று. எத்தில் அசிடேட்டின் எல்.இ.எல்., அதாவது காற்றில் தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு, 2 சதவீதம், கிராமில் சொன்னால் கன மீட்டருக்கு சுமார் 75. நீங்கள் அதில் 4 சதவீதத்தில் ஓடுகிறீர்கள். டிரையர் காற்றில் ஒரு பகுதியைத் திரும்பச் சுற்றவிட்டு, வெளியே போவதை 12,000இல் இருந்து 8,000 ஆக்கினால் ஆவி நாலரை கிராம் ஆகும், ஏற்றம் 80ஐத் தாண்டும். பர்னர் ஏற்ற வேண்டியது 48 டிகிரி, அதுவும் மூன்றில் இரண்டு பங்கு காற்றுக்கு மட்டும். கேஸ் செலவு 66இன் கணக்கில் ஏறக்குறைய பாதி. பெட்டில் காற்று தங்கும் நேரமும் கூடும்.

எல்.இ.எல். மீட்டர் இல்லாமல் இதில் கை வைக்கவே கூடாது. சராசரி 6 சதவீதம் என்றாலும் டிரையரின் ஒரு மூலையில், அதிக இங்க் போடும் ஒரு கலரில், எவ்வளவு இருக்கும் என்று அளக்காமல் தெரியாது. 25 சதவீதத்துக்குக் கீழேயே நிற்கும்படி, தாண்டினால் தானாகச் சுற்றல் நின்று புதுக் காற்று வரும்படி அமைக்க வேண்டும். தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

எட்டுக்கலர் | வியாழன், இரவு 10:30

ஐயா, இந்தக் கணக்கை அப்படியே தாளில் எழுதி மேனேஜரிடம் காட்டினேன். ‘டொலுவீனுக்கே திரும்பப் போகலாமா’ என்று கேட்டார்.

வகுப்பறை | வியாழன், இரவு 11:10

கூடாது. தின்பண்டப் பாக்கெட் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உணவு பாக்கெட் இங்க்குக்கான ஐ.எஸ். 15495 தரத்தின் 2020 பதிப்பு டொலுவீனை ஒதுக்கிவிட்டது. அது சரியான முடிவு. குழந்தை கையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட்டில் அது தங்கியிருக்க வேண்டாம். புகைபோக்கி அந்த மாற்றத்துக்கு ஏற்ப மாறவில்லை, மாற்ற வேண்டியது அதைத்தான். இங்க்கை மாற்றும் முடிவு எடுத்தவர்கள் கூட்டத்தில் மெயின்டனன்ஸ் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே 320க்குத் திரும்பப் போயிருப்பீர்கள்.

எட்டுக்கலர் | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 5:15

எல்லாருக்கும் தகவல் சொல்ல வேண்டும், அதனால்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரஸ் நிறுத்தி, வெறும் காற்றில் நான்கு மணி நேரம் எடுத்து 340க்கு ஏற்றினோம். 280 தாண்டும்போது அவுட்லெட் தானாகவே கொஞ்சம் ஏறியது, ஒட்டியிருந்த பிசின் எரிந்திருக்கிறது. ஐயா சொன்னபடி அங்கேயே நிறுத்திக் காத்திருந்து, அடங்கியதும் மேலே போனோம். திங்கட்கிழமை ஏற்றம் 30இல் இருந்து 46 ஆனது. கண் எரிச்சல் அன்றைக்கே குறைந்துவிட்டது.

துண்டுகளின் முடிவும் வந்தது. முதல் அடுக்கு புதியதைவிட 90 டிகிரி அதிகம் கேட்கிறது, மேலே சிலிக்கா படிவு என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது அடுக்கு 15 டிகிரி. மூன்றாவது கிட்டத்தட்ட புதியதுதான். மூன்றில் ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டோம். இப்போது ஏற்றம் 53. முதல் அடுக்குக்கு முன்னால் வெறும் அலுமினாக் கட்டி ஒரு வரிசை வைத்திருக்கிறோம், சிலிக்கோன் வந்தால் அது வாங்கிக்கொள்ளட்டும் என்று. ஸ்லிட்டிங் ஸ்ப்ரேயை நிறுத்தி, அந்தக் காற்றையும் டக்ட்டில் இருந்து பிரித்துவிட்டோம். சீலன்ட் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது, நானே நின்று எடுத்தேன். ஸ்டோரில் சிலிக்கோன் என்று எழுதிய எதையும் என் கையெழுத்து இல்லாமல் வாங்கக் கூடாது என்று போர்டு மாட்டியிருக்கிறது.

பின்தெரு அக்கா சொன்னதைப் படித்த பிறகு பின்னால் குடியிருப்பில் போய்ப் பேசினேன். ஒரு டீக்கடைக்காரரும் மூன்று வீட்டாரும் நோட்டு எழுதித் தருகிறார்கள். இரண்டு வாரத்தைப் பார்த்தேன். பகலில் ஒன்றும் இல்லை. ஆனால் காலை 6 மணியில் இருந்து 6:40 வரை எல்லா நோட்டிலும் நெடி, அதுவும் நெயில் பாலிஷ் நெடி.

ஸ்டாக்மேல் | சனி, மாலை 6:00

ஸ்டார்ட் அப். பெட் சூடாகும் முன் பிரஸ் ஓடுகிறது.

தேன்கூடு | சனி, இரவு 7:30

ஆமாம். இன்லெட் போதிய சூட்டுக்கு வந்தால்தான் பிரஸ்ஸுக்கு அனுமதி என்று ஒரு இன்டர்லாக் அசலிலேயே இருந்திருக்க வேண்டும். அதை யாரோ ஜம்பர் வயர் போட்டு முடக்கி வைத்திருப்பார்கள். பேனலைத் திறந்து பாருங்கள்.

பின்தெரு | சனி, இரவு 8:05

எங்கள் யூனிட்டுக்கும் இந்த இழையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெயின்டனன்ஸ் ஆள் ஒருவர் நின்று முழுதாகப் படித்தார். சிலிக்கோன் என்ற இடத்தில் இரண்டு முறை படித்துவிட்டு என் நம்பர் வாங்கிக்கொண்டார். தம்பி, அங்கே போய் அவர்களிடம் பேசினீர்களே, அதற்கு நன்றி.

எட்டுக்கலர் | ஞாயிறு, காலை 8:20

ஜம்பர் இருந்தது. எடுத்துவிட்டேன். நாளையில் இருந்து காலை ஷிஃப்ட் பர்னரை 5:15க்கே போட வேண்டும், அதற்கு ஒரு ஆள் முன்னாடியே வர வேண்டும். இந்த வாரம் நானே வருகிறேன். டீக்கடைக்காரரிடம் 6 மணி வரியை மட்டும் மறக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.